வீடு திரும்பிய மெழுகுவர்த்தி

வேண்டுதல் வைத்து விளக்கேற்றும் வழக்கம் உலகின் பல சமயங்களிலும் காணப்படுகிறது. கொங்கு நாட்டில் மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டி விழாத் தொடங்கிவிட்டால், பெண்கள் பச்சரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, உருண்டையின் நடுவே குழித்து, நெய் வார்த்துத் திரியிட்டு மாவிளக்கு எடுப்பர். கோயமுத்தூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் உள்ள கருமத்தம்பட்டியில், 17ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கர் வாழ்ந்து வரும் ஊரில், செபமாலை அன்னையின் திருத்தலத்தில் மக்கள் நேர்ச்சையாக மெழுகுவர்த்தி ஏற்றுவர்.

இவ்விரண்டு விளக்குகளுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. வேற்றுமை ஒன்றும் உண்டு. மாவிளக்கை ஏற்றுபவரே தம் வீட்டில் செய்கிறார். மெழுகுவர்த்தியையோ கடையில் வாங்குகிறோம். அண்மைக் காலத்தில் இந்த வேற்றுமை குறைந்து வருகிறது. சிறு பிளாஸ்டிக் அச்சுகளையும் ஒரு கிலோ மெழுகையும் வாங்கி, அடுப்படியிலேயே நேர்ச்சை மெழுகுவர்த்திகளை வார்த்துக்கொள்வோர் பலர்.

இது புதிய வழக்கமா? இல்லை. மெழுகுவர்த்தி முதலில் வீட்டில்தான் பிறந்தது. பிறகு தொழிற்குழுக்களின் கைக்கும், அதன்பின் ஆலைகளின் கைக்கும் சென்றது. நாடுகளின் சட்டங்கள்கூட அதை யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று விதித்தன. அது வீட்டைவிட்டுச் சென்றதும் மீண்டும் வீடு வந்ததும் எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தேன்மெழுகும் விலங்குக் கொழுப்பும்

பழங்கால ஐரோப்பாவில் மெழுகுவர்த்திக்கு இரு மூலப்பொருள்கள் இருந்தன. ஒன்று தேன்மெழுகு, மற்றொன்று ஆடு மாடுகளின் கொழுப்பு. தேன்மெழுகு ஏறத்தாழ 62° முதல் 65° செ. வெப்பநிலையில் உருகும். புகையின்றி, நறுமணத்துடன் எரியும். ஆனால் அதன் விலை அதிகம். ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ தேனை உண்ண வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே தேன்மெழுகு வர்த்தி கோயில் பீடத்திற்கும் அரண்மனைக்கும் உரியதாயிற்று.

கொழுப்பு வர்த்தி ஏழைகளுடையது. எளிதில் இளகும், புகையும், எரியும்போது கெட்ட வாடை வீசும். எனினும் அடுப்படியில் மிஞ்சிய கொழுப்பைக் கொண்டே அதைச் செய்துகொள்ளலாம். நாணல் தண்டின் தோலை உரித்து, உள்ளிருக்கும் தக்கையை உருகிய கொழுப்பில் தோய்த்தெடுத்தால் ஒரு விளக்கு கிடைத்துவிடும். நூல் திரியைப் பலமுறை தோய்த்து ஆறவிட்டால் வர்த்தி பருக்கும். இதற்கு அச்சு தேவையில்லை.

நகரங்கள் பெருகியபோது இது தொழிலாயிற்று. இலண்டன் நகரில் கொழுப்பு வர்த்தி செய்வோர் 1462ஆம் ஆண்டிலும், தேன்மெழுகு வர்த்தி செய்வோர் 1484ஆம் ஆண்டிலும் அரசரிடம் உரிமைப் பட்டயம் பெற்றனர். இரு சாராரும் தனித்தனிக் குழுக்களாக இயங்கியது பொருட்பெயரால் மட்டும் அன்று. செய்முறையும் வேறாக இருந்தது. கொழுப்பை உலோக அச்சில் ஊற்ற முடியும். இம்முறை 15ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றியதாகக் கூறுவர். தேன்மெழுகோ பிசுபிசுப்பு உடையது, உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தொங்கவிட்ட திரிமேல் கரண்டியால் மெழுகை ஊற்றி ஊற்றி, பிறகு பலகைமேல் வைத்து உருட்டி வடிவம் கொடுத்தனர். சிறந்த பொருளுக்கு அச்சு ஒத்துவரவில்லை. அச்சுக்கு ஒத்துவந்த பொருள் சிறந்ததாக இல்லை. இந்தச் சிக்கல் தீர ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின.

வீட்டில் வார்த்தால் குற்றம்

1709ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் மெழுகுவர்த்திக்கு வரி விதித்தது. வரி விதித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் மக்கள் தாமே செய்துகொண்டால் வரி எங்கிருந்து வரும்? ஆகவே உரிமம் பெற்று வரி செலுத்தாதவர்கள் வீட்டில் மெழுகுவர்த்தி செய்யக்கூடாது என்று தடை செய்யப்பட்டது. நாணல் விளக்குக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஏழை மக்கள் மீண்டும் நாணல் தக்கையைத் தேடிச் சென்றனர். இந்த வரி 1831ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக, தன் அடுப்பில் தன் கொழுப்பை உருக்கித் தன் வீட்டுக்கு விளக்குச் செய்துகொள்வது அந்நாட்டில் சட்டத்திற்கு மாறான செயலாக இருந்தது.

வரி நீங்கியபோது மக்கள் வீட்டுத் தொழிலுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அதற்குள் வேதியியல் குறுக்கிட்டுவிட்டது.

ஷெவ்ரலின் ஆராய்ச்சி

மிஷேல் ஷெவ்ரல் (1786 - 1889) என்ற பிரெஞ்சு வேதியியலார் 1811ஆம் ஆண்டு முதல் சோப்பை ஆராயத் தொடங்கினார். கொழுப்பு என்பது ஒரே பொருள் அன்று என்பதை அவர் கண்டறிந்தார். கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்து அமைந்ததே கொழுப்பு. அக்கொழுப்பு அமிலங்களில் ஓலியிக் அமிலம் நீர்ம நிலையில் இருக்கும். ஸ்டீரிக் அமிலமோ வெண்மையான திண்மம். ஏறத்தாழ 69° செ. வெப்பத்தில்தான் உருகும். கொழுப்பு வர்த்தி கையில் ஒட்டுவதற்கும் இளகுவதற்கும் அதில் கலந்துள்ள நீர்மப் பகுதியே காரணம். எரியும்போது எழும் கெட்ட வாடைக்குக் கிளிசரின் சிதைவது முக்கியக் காரணம்.

அப்படியானால் கிளிசரினையும் ஓலியிக் அமிலத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சிய திண்ம அமிலத்தை வர்த்தியாக வார்த்தால் என்ன? தம் ஆராய்ச்சி முடிவுகளை 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஷெவ்ரல், 1825ஆம் ஆண்டில் கே-லுசாக் என்ற அறிவியலாருடன் சேர்ந்து இதற்கு உரிமக் காப்பு பெற்றார். அவர்கள் தொழில் வெற்றி பெறவில்லை. பாரிஸ் நகரில் தெ மில்லி என்பவர் 1830களில் மலிவான சுண்ணாம்பைக் கொண்டு கொழுப்பைப் பிரிக்கும் முறையைக் கையாண்டபோதுதான் ஸ்டீரின் வர்த்தி சந்தைக்கு வந்தது. வெண்மை, உறுதி, வாடையின்மை ஆகிய மூன்றும் சாதாரண மக்களுக்கும் எட்டின.

இன்னொரு நன்மையும் இருந்தது. ஸ்டீரின் ஆறும்போது சுருங்கி அச்சின் சுவரைவிட்டு விலகும். ஆகவே வர்த்தி எளிதாக வெளிவரும். சிறந்த பொருளும் அச்சும் முதன்முறையாக ஒத்துவந்தன. மான்செஸ்டரைச் சேர்ந்த ஜோசப் மார்கன் 1834ஆம் ஆண்டில் ஓர் எந்திரம் அமைத்தார். அதில் வரிசை வரிசையாக அச்சுக் குழாய்கள் இருந்தன. மெழுகு ஆறியதும் கீழிருந்து உந்துதண்டுகள் வர்த்திகளை மேலே தள்ளின. மணிக்கு 1,500 வர்த்திகள் கிடைத்தன. வீட்டுத் தொழில் இதனுடன் எப்படிப் போட்டியிடும்?

திரியின் பின்னல்

மெழுகைப் பற்றிப் பேசும்போது திரியை நாம் மறந்துவிடுகிறோம். உண்மையில் எரிவது திரி அன்று, மெழுகின் ஆவி. சுடரின் வெப்பத்தால் உருகிய மெழுகு, நுண்புழை ஏற்றத்தால் திரியின் இழைகளுக்கிடையே மேலேறிச் சென்று, சுடரருகே ஆவியாகி எரிகிறது. இதனை மைக்கேல் பாரடே 1860 - 61ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவுகளில் அழகுற விளக்கினார். அணைத்தவுடன் திரியிலிருந்து எழும் வெண்புகையில் எரியும் குச்சியைக் காட்டினால், சுடர் அப்புகை வழியே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகையாகத் தோன்றுவது எரியக்கூடிய மெழுகு என்பதற்கு இதுவே சான்று.

பழைய திரிகள் முறுக்கிய நூலால் ஆனவை. மெழுகு குறையக் குறைய அவை சுடரின் நடுவே நிமிர்ந்து நின்று, காற்றுக் கிடைக்காமல் கரிந்து, புகை கக்கின. அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. 1825ஆம் ஆண்டில் காம்பசெரே என்ற பிரெஞ்சுக்காரர் நூலைப் பின்னித் திரியாக்கினார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து சுடரின் விளிம்புக்கு வரும். அங்கே ஆக்சிஜன் கிடைப்பதால் அதன் நுனி தானே எரிந்து மறையும். இச்சிறு மாற்றத்தினால் கத்தரிக்கோல் வேலை ஒழிந்தது.

1840ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியின் திருமணத்தன்று சாளரங்களில் ஏற்றுவதற்காக, கத்தரிக்கத் தேவையில்லாத மலிவான வர்த்தி ஒன்றை இலண்டனில் ஒரு நிறுவனம் விற்றது. பின்னர் பிரைஸ் நிறுவனம் என்று புகழ்பெற்றது இதுவே. அந்த வர்த்தியில் ஸ்டீரிக் அமிலத்துடன் தேங்காய் எண்ணெயின் திண்மப் பகுதியும் கலந்திருந்தது. அந்நிறுவனம் தேங்காய்க்காக இலங்கையில் தென்னந்தோட்டமே வாங்கியிருந்தது. நம் பக்கத்துத் தீவின் தேங்காய் இலண்டன் சென்று மெழுகுவர்த்தியாகிக் கப்பலேறித் திரும்பிய காலம் அது.

கொங்கு நாட்டின் விளக்குகள்

கொங்கு நாட்டு மக்களின் விளக்கு எண்ணெய் விளக்கே. புன்செய்க் காடுகளில் விளைந்த ஆமணக்கு, வேலியோரத்துப் புங்கு, இலுப்பை ஆகியவற்றின் எண்ணெய் அன்றாட விளக்குக்கு உதவியது. கோயிலுக்கு நெய்யும் நல்லெண்ணெயும் சென்றன. அகலைக் குயவர் வனைந்தார். திரியை வீட்டிலேயே பருத்தியைத் திரித்துச் செய்தனர்.

மெழுகும் அவர்கள் அறியாத பொருள் அன்று. நீலகிரி, சத்தியமங்கலம் மலைகளில் குறும்பர், இருளர், சோளகர் முதலிய மலைவாழ் மக்கள் உயர்ந்த பாறைகளில் தொங்கும் மலைத்தேனீ அடைகளை எடுத்துவந்தனர். தேனைப் பிழிந்தபின் எஞ்சுவது மெழுகு. தமிழகத்துக் கைவினைஞர் அதைச் சிலை வார்ப்புக்குப் பயன்படுத்தினர். மெழுகினால் உருவம் செய்து, மண்ணால் மூடி, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதே அம்முறை. அதாவது ஐரோப்பாவில் மெழுகு அச்சுக்குள் வார்க்கப்பட்டது. இங்கே மெழுகே அச்சுக்கு வழிகாட்டியது.

மெழுகுவர்த்தி இங்குப் பரவியதில் கிறிஸ்தவக் கோயில்களுக்கும் ஆங்கிலேயர் குடியிருப்புகளுக்கும் பங்கு உண்டு. மரியோன் பிரெசில்லாக் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப் பெற்றார். கோயமுத்தூர் 1850ஆம் ஆண்டில் தனி மறைப்பகுதியாயிற்று. கத்தோலிக்க வழிபாட்டில் பீடத்தின்மேல் மெழுகுதிரி எரிய வேண்டும் என்பது மரபு. பிப்ரவரி 2ஆம் நாள் மெழுகுதிரிகளை மந்திரித்து மக்களுக்கு வழங்கும் வழக்கமும் உண்டு. ஆனால் கொழுப்பு வர்த்தி நம் கோடையில் நிமிர்ந்து நிற்பதே கடினம். தேன்மெழுகோ விலை மிக்கது.

இக்கட்டத்தில் மூன்றாவது பொருள் தோன்றியது. 1830ஆம் ஆண்டில் ரைக்கன்பாக் என்ற ஜெர்மானியர் மரத்தாரிலிருந்து பாரபின் மெழுகைப் பிரித்தெடுத்தார். 1850ஆம் ஆண்டில் ஜேம்ஸ் யங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நிலக்கரியிலிருந்து பாரபின் எடுக்கும் முறைக்கு உரிமக் காப்பு பெற்றார். பின்னர்க் கச்சா எண்ணெயே பாரபினின் பெரும் ஊற்றாயிற்று. பர்மாவின் கச்சா எண்ணெயில் மெழுகு மிகுதி. 1886ஆம் ஆண்டில் அமைந்த பர்மா ஆயில் கம்பெனி, இரங்கூன் அருகே சிரியத்தில் இருந்த ஆலையில் மெழுகும் மெழுகுவர்த்தியும் செய்தது. அவை இந்தியச் சந்தைக்கு வந்தன. அசாமில் திக்பாய் எண்ணெய் ஆலை 1901ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் மெழுகும் புகழ்பெற்றது. சென்னை அருகே மணலியில் 1969ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் பின்னாளில் பாரபின் மெழுகு தயாரித்தது.

பாரபின் எந்த விலங்கின் கொழுப்பும் அன்று, மலிவானது, வாடையற்றது. ஆனால் வணிகத்தில் கிடைக்கும் வகைகள் பெரும்பாலும் 52° முதல் 60° செ. வரையில் உருகுவன. தாழ்ந்த வகை வெயிலில் வளைந்துவிடும். அதைத் தடுக்க ஸ்டீரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தனர். இன்றும் மெழுகுவர்த்தி செய்வோர் இதனையே செய்கின்றனர். ஷெவ்ரலின் கண்டுபிடிப்பு அவ்வாறு பாரபினுக்குள்ளும் வாழ்கிறது.

அன்றாட வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி இங்கே நீண்டநாள் முதன்மை பெறவில்லை. சீமை எண்ணெய் என்ற மண்ணெண்ணெய் வந்தது. அரிக்கேன் விளக்கு வந்தது. 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கோவையின் பஞ்சாலைகளுக்கும் கிணற்றுப் பம்புகளுக்கும் மின்சாரம் வந்தது. அதன்பின் மெழுகுவர்த்தி மின்வெட்டுக் காலத்துத் துணையாக நின்றது. 2008ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய மின்பற்றாக்குறையின்போது, குறிப்பாக 2012இல், கோவை மாவட்டத்தில் நாள்தோறும் பலமணி நேரம் மின்சாரம் இல்லை. அந்நாளில் தேர்வுக்குப் படித்த மாணவர்கள் மெழுகுவர்த்தியை நன்கு அறிவர். பிறகு மின்வெட்டும் குறைந்தது. மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குகளும் வந்தன. இப்போது மெழுகுவர்த்தியின் முதல் வேலை வெளிச்சம் தருவது அன்று. நேர்ச்சை, நினைவு, அழகு ஆகியனவே அதன் பணிகள்.

சிறு தொழிலுக்கு ஒரு வேலி

இங்கிலாந்தின் சட்டம் வீட்டில் மெழுகுவர்த்தி செய்வதைத் தடுத்தது என்று கண்டோம். இந்தியாவின் சட்டம் அதற்கு நேர்மாறானது. 1967ஆம் ஆண்டில் 47 பொருள்களைச் சிறு தொழிற்கூடங்களுக்கு மட்டும் ஒதுக்கி இந்திய அரசு ஒரு பட்டியலைத் தொடங்கியது. பட்டியல் வளர்ந்து 800 பொருள்களுக்கும் மேல் சென்றது. மெழுகுவர்த்தி அப்பட்டியலில் இருந்த பொருள்களுள் ஒன்று.

இதனால் பல ஊர்களில் குடிசைத் தொழிலாக மெழுகுவர்த்தி செய்ய முடிந்தது. இரு பாதியாகத் திறந்து மூடும் அலுமினிய அச்சே அதன் முதற்கருவி. ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் செல்லுமாறு நூலைச் சுற்றி, அச்சைப் பூட்டி, மேலிருந்து உருகிய மெழுகை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவைப்பர். திறந்தால் வரிசையாக வர்த்திகள் நிற்கும். மார்கனின் எந்திரம் செய்த வேலையை இது கையளவில் செய்தது.

ஒதுக்கீட்டுப் பட்டியல் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. இறுதியில் எஞ்சியவை 20 பொருள்கள். ஊறுகாய், ரொட்டி, தீப்பெட்டி, ஊதுவத்தி ஆகியவற்றுடன் மெழுகுவர்த்தியும் அதில் இருந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்த 20 பொருள்களும் விடுவிக்கப்பட்டன. அன்று முதல் பெரிய ஆலைகளும் தடையின்றி மெழுகுவர்த்தி செய்யலாம். வேலி எடுக்கப்பட்டபின் சிறு தொழிலுக்கு எஞ்சும் பாதுகாப்பு எது? செய்பொருளின் தரமும் அதற்குரிய அறிவுமே. பிளாஸ்டிக் அச்சின் முக்கியத்துவத்தை இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் அச்சு

அலுமினிய அச்சு நீடித்து உழைக்கும். ஆனால் விலை கூடுதல். பிளாஸ்டிக் அச்சோ மலிவு. ஒரு டையைச் செய்துவிட்டால் ஆயிரக்கணக்கான அச்சுகளை அழுத்தி எடுத்துவிடலாம். உலோகம் வெப்பத்தை விரைவில் கடத்தும்; மெழுகின் மேற்பரப்பு திடீரென்று குளிர்ந்து வரிகள் விழலாம். பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் மெழுகு சீராக ஆறுகிறது. வழவழப்பான சுவர் வழவழப்பான வர்த்தியைத் தருகிறது.

எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு ஏற்றவை அல்ல. மெழுகை ஏறத்தாழ 70° முதல் 80° செ. வெப்பத்தில் ஊற்றுகிறோம். 1950களில் உருவான பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160° செ. வெப்பத்தில் உருகும்; அதே காலத்துப் பாலிகார்பனேட் 140° செ. வெப்பத்திற்கு மேல்தான் இளகும். இவை தாங்கும். தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் பிளாஸ்டிக்கோ 70° - 80° செ. வெப்பத்திலேயே குழைந்துவிடும். பழைய புட்டியை வெட்டி அச்சாக்குவது உருகிய மெழுகைக் கையில் கொட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

வார்ப்படத் தொழிலாளி அறிந்த விதி

கோவை வார்ப்படங்களின் ஊர். பம்பு உடல், மோட்டார்க் கூடு, எந்திர உறுப்பு ஆகியவற்றை மணல் அச்சில் வார்க்கும் பட்டறைகள் இங்கு மிகுதி. அங்கே வேலை செய்யும் ஒருவர் பிளாஸ்டிக் மெழுகு அச்சைப் பார்த்தால் மூன்று செய்திகளை உடனே கண்டுகொள்வார்.

முதலாவது, சாய்வு. நேர்ச்சை மெழுகுவர்த்தியின் அச்சு ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் சற்றுக் குறுகியும் இருக்கும். மணல் அச்சிலிருந்து மர மாதிரியை உருவுவதற்கு எப்படிச் சாய்வு வேண்டுமோ, அப்படியே இங்கும் வேண்டும்.

இரண்டாவது, சுருக்கம். பாரபின் உறையும்போது அதன் கன அளவு பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறையும். ஓரம் முதலில் உறைகிறது. நடு கடைசியில் உறைகிறது. ஆகவே திரியைச் சுற்றிக் குழி விழுகிறது. உலோக வார்ப்பிலும் இதே நிகழ்ச்சி உண்டு. அங்கே ரைசர் என்னும் மேல்தேக்கத்தில் உள்ள கூடுதல் உலோகம் அக்குழியை நிரப்பும். மெழுகுக்கு எளிய வழி இரண்டாம் முறை ஊற்றுவதே. மேற்பரப்பு உறையத் தொடங்கியதும் திரியருகே கம்பியால் இரண்டு மூன்று துளைகள் இட்டு, உள்ளே அடைபட்ட வெற்றிடத்தைத் திறந்து, சிறிது கூடுதல் சூட்டில் மெழுகை நிரப்ப வேண்டும். அதே சுருக்கம்தான் வர்த்தி அச்சைவிட்டுக் கழன்றுவரவும் உதவுகிறது.

மூன்றாவது, உட்கம்பி. நல்ல அச்சின் நடுவே மெல்லிய உலோக ஊசி ஒன்று நிற்கும். வார்ப்படத்தில் துளை வேண்டிய இடத்தில் உட்கரு வைப்பது போன்றது இது. மெழுகு ஆறியபின் ஊசியை நீக்கினால் நேரான துளை கிடைக்கும். அதில் அடியில் தகடு பொருத்திய திரியைச் செருகலாம்.

4 செ.மீ. விட்டமும் 4.5 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு வர்த்திக்கு ஏறத்தாழ 50 கிராம் மெழுகு வேண்டும். ஒரு கிலோவில் 20 வர்த்திகள் எடுக்கலாம். மணிக்கு 5 கிராம் வீதம் எரிந்தால் ஒன்று 10 மணி நேரம் எரியும்.

இவ்வகைக் குட்டை வர்த்தியைத் தட்டின்மேல் வைத்து ஏற்றக்கூடாது. அதற்கு அளவாக அமைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். எரியும்போது மெழுகு முழுவதும் உருகிக் கிண்ணத்தை நிரப்பும். திரி கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். கிண்ணம் அகலமாயிருந்தால் மெழுகு மெல்லிய படலமாகப் பரவித் திரி சாய்ந்துவிடும். அடித்தகடு இருப்பதன் பயன், சுடர் கண்ணாடியின் அடியைத் தொடாமல் சற்று மேலேயே அணைந்துவிடுவது. திரி பருத்தால் சுடர் உயர்ந்து புகையும். மெலிந்தால் மெழுகில் மூழ்கி அணையும். பருத்தி நகரமான கோவையில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முறுக்கிய நூல் திரியாகாது. பின்னிய நூலே திரி என்பதைக் காம்பசெரே இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்.

உருக்கும் வேலையில் கவனம் தேவை. மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பின்மேல் வைக்கலாகாது. மெழுகுக்குக் கொதிநிலை அடையாளம் இல்லை. குமிழியோ சத்தமோ இன்றிச் சூடேறிச் சூடேறி, 200° செ. வெப்பத்தை ஒட்டி அதன் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். கொதிநீர் நிறைந்த பெரிய பாத்திரத்துள் மெழுகுப் பாத்திரத்தை வைத்தால் வெப்பம் 100° செ. அளவைத் தாண்டாது. அடியிலுள்ள நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் அடியில் சென்று நொடியில் ஆவியாகி எரியும் மெழுகைக் கூரைவரை தெறிக்கச் செய்யும். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடியால் மூடுவதே வழி. மிஞ்சிய மெழுகைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் அது அங்கே உறைந்து அடைத்துவிடும்.

அச்சு தருவதும் தராததும்

பாரபின் எண்ணெய்க் கிணற்றின் பொருள். அதற்கு மாற்று நம் மலைகளிலேயே உண்டு. 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுக் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் நிறுவனத்தின் முயற்சியால், மலைவாழ் மக்கள் திரட்டும் தேனுடன் தேன்மெழுகும் பயன்பெற்று, அதிலிருந்து மெழுகுவர்த்திகளும் செய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. ஒருகாலத்தில் அச்சில் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்த தேன்மெழுகு, நெகிழும் சிலிக்கோன் ரப்பர் அச்சுகளில் இன்று எளிதாக வெளிவருகிறது.

இலண்டன் குழுவினர் தம் செய்முறையைத் தொழில் இரகசியமாகக் காத்தனர். ஆலை முதலாளி அதை எந்திரத்துக்குள் அடக்கினார். இரு காலத்திலும் வாங்குபவர் வாங்குபவராகவே இருந்தார். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் அச்சு அந்த நிலையை மாற்றியிருக்கிறது. ஆனால் அச்சு வடிவத்தை மட்டுமே தரும். மெழுகு ஏன் சுருங்குகிறது, திரி ஏன் வளைகிறது, சூடு எங்கே நிற்க வேண்டும் என்பவற்றை அச்சு சொல்லித் தராது. இவற்றை அறியாமல் வார்ப்பவரின் வர்த்தி குழிவிழுந்து, புகைந்து, பாதியில் அணைந்துவிடும். சில வேளை வீட்டுக்கே தீங்காகும். அறிந்து வார்ப்பவர் பெரிய ஆலையின் வர்த்திக்கு நிகரானதை அடுப்படியிலேயே செய்துவிடுவார், விற்கவும் செய்யலாம்.

மாவிளக்குப் பிடிக்கும் பெண்களுக்கு மாவின் பதம் தெரியும். நீர் கூடினால் விளக்கு தளரும், குறைந்தால் வெடிக்கும் என்பது அவர்கள் கையறிந்த செய்தி. மெழுகுக்கும் அத்தகைய பதம் ஒன்று உண்டு. அதை அறிந்த வீட்டில்தான் மெழுகுவர்த்தி உண்மையில் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம்.